ஊரெல்லாம் பிரித்து வைத்த உன் வண்டி

என் இடுப்பில் வளர்ந்த தம்பி சவரிமுத்துவுக்கு, ராயபுரத்திலிருந்து உன் அக்கா பேசுகிறேன்.

இன்று காலை உனக்காகப் பூசை வைத்தோம். சாமியார் இந்த வருஷம் உன் பெயரைச் சரியாக வாசித்தார். போன வருஷம் சவரியப்பன் என்று வாசித்துவிட்டு, கோயில் வாசலிலேயே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பங்குப் பத்திரிகையில் இறந்தவர்களை நினைத்து எழுத ஒரு பக்கம் விடுகிறார்கள். எல்லோரும் இரண்டு வரி எழுதிக் கொடுக்கிறார்கள். எனக்கு இரண்டு வரி எப்படிப் போதும்? நான் ஐந்தாவது வரை படித்தவள். கையெழுத்துக்கு என் சிலேட்டைத்தான் மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார்கள். இடம் போதாவிட்டால் அடுத்தவர் பக்கத்தையும் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

சேதி உன் வண்டியைப் பற்றியது. படிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஹார்பரில் வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்சினியர் சீமைக்குத் திரும்பும்போது தன் டிரைவரான உனக்குக் கொடுத்துவிட்டுப் போன கறுப்பு வண்டி அது. மேலே கேன்வாஸ் கூரை, பக்கத்தில் கால் வைத்து ஏறப் பலகை, முன்னால் தவளைக் கண் மாதிரி விளக்குகள். அந்தக் காலத்தில் ராயபுரத்தில் கல்யாணம் கட்டிய பெண்களில் பாதிப் பேர் கோயிலுக்கு அந்த வண்டியில்தான் வந்து இறங்கினார்கள். நீ தலையில் தொப்பி வைத்திருப்பாய், காலில் செருப்பு இருக்காது. செருப்புப் போட்டால் பிரேக் எங்கே என்று காலுக்குத் தெரியாது என்பாய்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடிய வருஷம், ஓடுகிற வண்டியை எல்லாம் பட்டாளத்தார் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. நீ உடனே வண்டியைக் கழற்றினாய். முக்கியமான சாமான்களை ஆளுக்கு ஒன்றாக உன் சிநேகிதர்களிடம் கொடுத்து வைத்தாய். கார்பரேட்டரும் விளக்குகளும் வண்ணாரப்பேட்டை காதர் பாயிடம். ரேடியேட்டர் காத்திவாக்கம் ஏகாம்பரத்திடம். மேக்னட்டோ திருவொற்றியூர் தேவராசுவிடம்.

"முழு வண்டிய ஒருத்தன் கைல குடுத்தா ஓட்டிகினு பூடுவான்க்கா. ஆளுக்கு ஒண்ணா குடுத்துட்டா எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. மூணு பேரும் சேந்தாத்தான் வண்டி" என்றாய்.

"மூணு பேரும் சேரலன்னா?" என்றேன்.

"அதான் நான் கீறேனே" என்றாய்.

சண்டை முடிவதற்குள் டைபாய்டு சுரம் உன்னைக் கொண்டு போய்விட்டது. வண்டி வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் கல்லின் மேல் நின்றது. பின் சீட்டில் கோழி முட்டை வைத்தது. என் பேரப்பிள்ளைகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே எண்ணூர் வரை போய் வந்தார்கள்.

தாயும் இல்லாத உன் மகன் லூர்துவை நான்தான் வளர்த்தேன். ஆளாகிவிட்டான். பிலோமினாவைக் கட்டி வைத்தேன், நல்ல பெண், என்னிடமே எதிர்த்துப் பேசுவாள். ஹார்பரில் வின்ச்சு ஓட்டிக்கொண்டிருந்தான். போன மழைக்காலத்தில் ஆட்களைக் குறைத்தார்கள், இவனையும் நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்தான். பிறகு பம்பாய்க்குப் போகிறேன் என்று ஆரம்பித்தான். கூட வேலை பார்த்தவன் அங்கே கப்பல் பட்டறையில் இருக்கிறானாம். பிலோமினாவுக்கு அப்போதுதான் வாந்தி ஆரம்பித்திருந்தது.

"புள்ள பொறந்தா யார்றா பாக்குறது?" என்றேன்.

"நீ கீறியே அத்தை. என்னை நீதானே வளத்தே."

"அதான் சொல்றேன். அப்பன் இல்லாம ஒண்ணை வளத்தாச்சி. இன்னொண்ணை வளக்க எனக்குத் தெம்பு இல்ல. உங்கப்பன் வண்டி கீதுடா. வாடகைக்கு ஓட்டு."

"அது வண்டியா? கோழிக் கூண்டு. சாமான் எங்கேர்ந்து வரும்? அந்த வண்டி பண்ண கம்பெனியே இப்ப இல்லியாம்."

"சாமான நான் கொண்டாறேன். ஈஸ்டர் வரைக்கும் இரு. அதுக்குள்ள வண்டி ஓடலன்னா நானே சென்ட்ரலுக்கு வந்து உன்னை ரயிலேத்தி விடறேன்."

தவக்காலத்தில் நம் ஆட்கள் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு வரிசையாக வரும். அதற்குள் வண்டி ஓட வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உன் மகன் பம்பாயில், பிள்ளை இங்கே. இதுதான் தம்பி நிலைமை.

முதலில் வண்ணாரப்பேட்டை போனேன். காதர் பாய் பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். என் குரல் கேட்டதும் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"வாக்கா. இத்தினி வருசம் கழிச்சி இப்பதான் வழி தெரிஞ்சுதா? ரெண்டு தபா நானே எடுத்துகினு வரலாம்னு பாத்தேன். சவரி இல்லாத வூட்டுக்கு அவன் சாமானத் தூக்கிகினு எப்புடி வர்றதுன்னு வுட்டுட்டேன்."

கார்பரேட்டர் அவர் மனைவியின் டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு நடுவில், துணி சுற்றி இருந்தது. அந்த அம்மாள் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "எடுத்துகினு போங்கக்கா, புண்ணியமா போவும். என் கல்யாணப் பொடவைலாம் பெட்ரோல் வாசனை. ஒரு விசேசத்துக்குக் கட்டிகினு போனா, இன்னாம்மா லாரிலியா வந்தேன்னு கேக்குறாளுங்க."

கார்பரேட்டருக்குள் மிதக்கிற தக்கை மட்டும் உளுத்துப் போயிருந்தது. மருந்துக் கடையில் பெரிய பாட்டில் தக்கை ஒன்று வாங்கி வந்து, அதைச் சீவி, மெழுகு பூசி, காதர் பாயே புதிதாகப் பண்ணிப் போட்டார். "மத்த சாமானையும் கொண்டாந்து சேருக்கா, வண்டியக் கட்டிக் குடுக்குறது என் வேலை" என்றார். சும்மா வீட்டில் கிடக்கிற லூர்துவைக் கூடவே வேலைக்கு அனுப்பச் சொன்னார். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான்.

ஏகாம்பரம் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. காத்திவாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, மருமகளைக் கூப்பிட்டு, இறால் வறுக்கச் சொல்லி, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை வேறு பேச்சே எடுக்கவில்லை. பிறகு நான் ரேடியேட்டரைக் கேட்டேன்.

"கீது. பத்திரமா கீது. வருசா வருசம் தேங்கா எண்ணெ போட்டுத் தொடைக்கிறேன். ஆனா தர முடியாதேக்கா."

"ஏன்?"

"சவரி சொல்லிக்கீறான். நான் வந்து கேக்குற வரைக்கும் எவன் கேட்டாலும் குடுக்காதே. பட்டாளத்தான் கேட்டாலும் சரி, போலீசு கேட்டாலும் சரி, எங்க அக்காவே வந்து கேட்டாலும் சரின்னு."

"எங்க அக்காவே வந்து கேட்டாலும்னா சொன்னான்?"

"ஆமா. யாராவது நாலு வார்த்த நல்லா பேசுனா அக்கா தூக்கிக் குடுத்துடும்னான்."

சவரி, இதைப் பற்றி உன்னிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. நான் வரும்போது பேசிக்கொள்கிறேன்.

"அவன் செத்து எத்தினி வருசம் ஆவுது ஏகாம்பரம்?"

"எனக்குத் தெரியாதா? மண்ணு போட்ட கையி இது. அதான்க்கா பேஜாரு. உசுரோட கீறவன்னா நேரா போயி, மாமு, இந்த மாதிரி ஆயிட்ச்சி, மன்னிச்சுக்கோன்னு சொல்லிடலாம். செத்தவன் கிட்ட எங்க போயி சொல்றது?"

"காசிமேட்டுலதானே படுத்துகினு கீறான். போய்ச் சொல்லு."

நான் கோபத்தில் சொன்னேன். அவர் அதை நியாயமாக எடுத்துக்கொண்டார். வலை ஊசியைக் கீழே வைத்தார். "அது சரியான பேச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றவர் கட்டுமரத்தில் வந்தார். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டாராம். ஓலைப் பாயில் சுற்றிக் கட்டி, மகனைத் துடுப்புப் போட வைத்து, உன் ரேடியேட்டர் கடல் வழியாகக் காசிமேட்டில் கரை இறங்கியது. அங்கிருந்து தலையில் சும்மாடு வைத்துச் சுமந்துகொண்டு கல்லறைக்கு வந்தார். நானும் லூர்துவும் உன் சிலுவைக்கு அருகில் காத்திருந்தோம். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்.

ஏகாம்பரம் பாயைப் பிரித்து ரேடியேட்டரை உன் கால்மாட்டில் நிறுத்தினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"டேய் சவரி. உங்க அக்கா கேக்குது. உன் புள்ளைக்கு வண்டி வோணுமாம். குடுக்கட்டுமா?"

கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருந்தார். நானும் காத்திருந்தேன், சிரிக்காதே. லூர்து மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்லறைக் காவல்காரர் ஓடி வந்தார். "யோவ், பழைய இரும்பையெல்லாம் இங்க கொணாந்து போடக் கூடாது!"

"கம்முனு இரு நைனா. பேசிகினு கீறோம்ல" என்று ஏகாம்பரம் அவரை நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாணாம்னு இருந்தா ஏதாவது ஒண்ணு பண்ணியிருப்பான். அவன் கொணம் எனக்குத் தெரியும். ஒண்ணும் பண்ணல. சரின்னுட்டான்." ரேடியேட்டரைத் தூக்கி என் கையில் கொடுத்தார். எனக்குப் பாரம் தாங்கவில்லை, லூர்து வந்து வாங்கிக்கொண்டான். அவன் அதை முதுகில் ஏற்றிக்கொண்டு ராயபுரம் வரைக்கும் நடந்தான். வழியில் யாராவது என்ன என்று கேட்டால், "எங்க நைனாவுது" என்று சொன்னான். அதுவரை கோழிக் கூண்டு என்றவன்.

அடுத்தது மேக்னட்டோ. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏஞ்சினுக்குள் பெட்ரோல் பற்றுவதற்குப் பொறி கொடுக்கும் பெட்டி அது. மற்றதெல்லாம் இருந்து அது இல்லாவிட்டால் வண்டி வெறும் நாற்காலி.

தேவராசுவும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது எனக்கு முன்பே தெரியும். அவர் மனைவி முனியம்மா திருவொற்றியூரில் மாவு மிஷின் வைத்திருக்கிறாள் என்பதும் தெரியும். அந்த மிஷின் எப்படி ஓடுகிறது என்பதுதான் தெரியாது. காதர் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஒரே சத்தம், ஒரே மாவுப் புகை. முனியம்மாவின் தலை எல்லாம் வெள்ளை. பெண்கள் டின்னையும் கூடையையும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பின்பக்கம் செங்கல் மேடை மேல் ஒரு பழைய லாரி ஏஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது. காதர் பாய் அதன் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். விரலால் மட்டும் காட்டினார்.

உன் மேக்னட்டோ அதில் ஓடிக்கொண்டிருந்தது.

இதை நீயே போட்டுக்கொள்ளச் சொன்னாயா? அல்லது நீ போன பிறகு தேவராசு எடுத்துப் போட்டாரா? முனியம்மாவுக்கும் தெரியவில்லை. சண்டைக் காலத்தில் பழையது எரிந்துபோய், வேறு எங்கும் கிடைக்காமல், ஒருநாள் இதைக் கொண்டுவந்து மாட்டினார் என்று மட்டும் சொன்னாள்.

அவள் என்னைப் பார்த்தவுடனே மிஷினை நிறுத்திவிட்டாள். சத்தம் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது.

"நீங்க ஒரு நாள் வருவீங்கன்னு தெரியும்க்கா" என்றாள். மேடைக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்துக் காதர் பாயிடம் நீட்டினாள். "கழட்டிக்கோ பாய். அவங்க பொருளு."

வரிசையில் முதலில் நின்ற கிழவி கத்தினாள். "இன்னாடி இது? என் கேவுரு பாதி உள்ள, பாதி வெளில கீது! இத்த நான் களியும் கிண்ட முடியாது, கூழும் காச்ச முடியாது!"

"மிஷினு இனிமே கெடையாது ஆயா. பக்கத்து ஊருக்குப் போய் அரைச்சிக்கோ."

"இந்தக் காலை வெச்சிகினு நான் பக்கத்து வூட்டுக்கே போவ மாட்டேன், பக்கத்து ஊருக்குப் போவேனா?"

காதர் பாய் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அது வேண்டும், சவரி. மறைக்க ஒன்றுமில்லை. அது என் தம்பியுடையது, என் தம்பி மகனுக்குப் போக வேண்டியது, கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. என்னைப் போலவே நிமிர்ந்து நின்றாள். அப்படி நிற்கிறவளிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது.

"மொதல்ல ஆயாவோட கேவுர அரை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் லூர்து கேட்டான். சொன்னேன். "அப்ப நான் கெளம்புறேன் அத்தை" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னான்.

நான் விட்டுவிடுவேனா? யானைக்கவுனியில் சண்டை முடிந்தபின் பட்டாளத்தார் கழித்துப் போட்ட சாமான் எல்லாம் குவித்து வைத்து விற்கிறார்களே, அந்தக் கடைகளில் நானும் காதர் பாயும் ஏறி இறங்கினோம். பட்டாளத்து டயர் கிடைத்தது. பேட்டரி கிடைத்தது. கேன்வாஸ் கூரைக்குக் கூடாரத் துணி கிடைத்தது. மேக்னட்டோ கேட்டு வண்டியின் பெயரைச் சொன்னாலே சிரித்தார்கள்.

"அந்த வண்டிய பண்ணவங்களே போயி சேந்துட்டாங்க பாட்டிம்மா."

"பண்ணவங்க போனா போவட்டும். வண்டி கீது" என்றேன்.

ஒரு கடையில் மூலையில் கிடந்த சாக்குக்குள்ளிருந்து ஒன்று வந்தது. அதே அளவு, அதே உருவம். எனக்கு உயிரே வந்துவிட்டது. காதர் பாய் அதை மடியில் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தார். நீலமாகப் பொறிகூட வந்தது. ஆனாலும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது வலப்பக்கம் சுத்துதுக்கா. நம்ம ஏஞ்சினு எடப்பக்கம். மாட்டினா பொறி வரும், வர வேண்டிய நேரத்துல வராது."

"மாத்திச் சுத்த வைக்க முடியாதா?"

"முடிஞ்சா நான் ஏன்க்கா வண்ணாரப்பேட்டைல கீறேன்?"

அதைச் சாக்கிலேயே போட்டுவிட்டு வந்தோம். தவக்காலம் முடிந்துகொண்டிருந்தது. வண்டி முழுதாக நின்றது. கறுப்புப் பெயின்ட் பளபளவென்று, விளக்குகள் பளிச்சென்று, சீட்டுக்குப் புது தேங்காய்நார். கோழியை விரட்டியாகிவிட்டது. பொறி மட்டும் இல்லை. லூர்து பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தான். பிலோமினா அவன் சட்டைகளைத் துவைத்துக் காய வைத்தாள். ஒவ்வொரு சட்டையாக, மெதுவாக.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து, கையில் ஓலையோடு தெருவில் எல்லோரும் வந்துகொண்டிருந்தோம். எதிரே முனியம்மா வந்தாள். எண்ணெய் தேய்த்துத் தலை முழுகியிருந்தாள், அதனால் முதலில் அடையாளமே தெரியவில்லை. இடுப்பில் ஒரு மாவு டின். டின்னுக்குள் துண்டில் சுற்றி மேக்னட்டோ.

"இன்னிக்கு மிஷினு லீவு" என்றாள். "பொழுது சாயறதுக்குள்ள திருப்பி மாட்டிடணும். நாளைக்குத் தெரு பூரா கூடைய வெச்சிகினு நிக்கும்."

"நான் கேக்கலியே முனியம்மா."

"கேட்டிருந்தா அன்னிக்கே கழட்டிக் குடுத்துட்டு, அப்பால உங்க மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன். கேக்காம போனீங்க பாருங்க, அதான் எனக்குச் சோறு எறங்கல. நானும் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். ஞாயித்துக்கெழம ஃபேக்டரிக்காரன் வூட்லலாம் கறிசோறுதான். மாவரைக்க எவளும் வர்றதில்ல. மிஷினு சும்மா கெடக்குது. உங்களுக்கோ ஞாயித்துக்கெழமதான் கல்யாணம்ன்றாங்க. இது ரெண்டு எடத்துலயும் ஓடினா தேஞ்சா பூடும்?"

காதர் பாயைக் கூப்பிட ஆள் போனது. அவர் வந்து, டின்னைப் பார்த்து, முனியம்மாவைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். "வாரா வாரம் கழட்டி மாட்டுறதா? ரெண்டு வூட்டுக்காரன் கதையால்ல கீது! அங்க ஆறு நாளு, இங்க ஒரு நாளு."

ஆனால் சொல்லும்போதே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். பொறி வர வேண்டிய இடம் தப்பாமல் இருக்க, மேக்னட்டோவிலும் ஏஞ்சினிலும் உளியால் சின்னக் கோடு போட்டார். கோட்டுக்குக் கோடு சேர்த்து மாட்ட லூர்துவுக்குக் காட்டிக் கொடுத்தார். லூர்து முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினான். வண்டி இருமியது, நின்றது. மறுபடி சுற்றினான். பின்னாலிருந்து கறுப்பாகப் புகை வந்து, துவைத்துக் காயப் போட்டிருந்த சட்டைகள் எல்லாம் கலீஜாகிவிட்டன. பிலோமினா கத்த ஆரம்பித்தாள். அவள் கத்துவது கேட்காதபடி வண்டி ஓட ஆரம்பித்தது.

நான் அழவில்லை. காதர் பாய் அழுதார். முனியம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "என் மிஷினு சத்தம் மாதிரியே கீது" என்றாள். பிலோமினா சட்டைகளை மறுபடி துவைக்கவில்லை, அப்படியே சுருட்டி உள்ளே எறிந்தாள்.

இன்ஸ்பெக்டர் பார்ப்பது வார நாளில்தான். முனியம்மா அன்றைக்கு மிஷின் வாசலில் சிலேட்டில் விடுமுறை என்று எழுதித் தொங்கவிட்டாள். எழுதிக் கொடுத்தது நான். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து நானும் போனேன்.

"பாட்டிம்மா, நீங்க இறங்கிக்கங்க. சோதனைக்கு ஆள் வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காலி வண்டியை நிறுத்துவது பெரிதா? என்னை வைத்து நிறுத்தட்டும், பாருங்கள்" என்றேன். எழுத்துத் தமிழிலேயே சொன்னேன், ஆபீஸ் ஆள் என்பதால். அவர் சிரித்துக்கொண்டே முன் சீட்டில் ஏறினார். லூர்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நிறுத்தச் சொன்ன இடத்தில் நின்றது. நான் கொஞ்சம் முன்னால் போய் இன்ஸ்பெக்டர் தோளில் இடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஈஸ்டருக்குப் பிறகு நம் கோயிலில் நடந்த முதல் கல்யாணத்துக்குப் பெண் உன் வண்டியில் வந்து இறங்கினாள். சனிக்கிழமை மிஷின் நின்றதும் லூர்து சைக்கிளில் திருவொற்றியூர் போய் மேக்னட்டோவைக் கழற்றி வருகிறான். திங்கள் விடிந்ததும் கொண்டு போய் மாட்டி, மிஷினை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, அங்கிருந்து காதர் பாய் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். ஆமாம், அவர் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார். கை உன் கை மாதிரியே இருக்கிறது என்கிறார். உன் கையைவிடச் சுத்தம் என்று நான் சொல்வேன். பம்பாய்ச் சிநேகிதனுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டாகிவிட்டது. அந்தக் கடுதாசியையும் நான்தான் எழுதினேன். முனியம்மா தெருவுக்குக் கரண்ட் கம்பம் நட்டிருக்கிறார்கள். மோட்டார் போட்டதும் மேக்னட்டோ உங்களுக்கே என்கிறாள். அவசரம் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிலோமினாவுக்கு இது மாசம். ஹாஸ்பத்திரிக்கு வண்டியிலேயே போகலாம் என்று ஆசைப்படுகிறாள். வலி எந்தக் கிழமை வரும் என்று யாருக்குத் தெரியும்? வார நாளில் வந்தால் ரிக்‌ஷாதான், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஆனால் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பது நம் கையில்தான் இருக்கிறது. சாமியாரிடம் பேசி ஞாயிற்றுக்கிழமையாகவே குறித்து வைப்பேன். உன் பேரப்பிள்ளையை நான் மடியில் வைத்துக்கொள்ள, அதன் அப்பன் ஓட்ட, உன் வண்டியில் கோயிலுக்குக் கொண்டு போவேன். இது அக்கா உனக்குக் கொடுக்கும் வாக்கு. முனியம்மாவும் வருவாள். அன்றைக்கு அவளுக்கும் மிஷின் ஓடாது அல்லவா?

இப்படிக்கு,
யார் நல்ல வார்த்தை பேசினாலும் தூக்கிக் கொடுத்துவிடாத
உன் அக்கா ஞானம்மாள்